வாக்கிங் ஷூ வாங்கி மூணு வாரமாச்சு, இன்னும் டப்பாவிலதான் இருக்கு

தெருமுனை மல்லி | ஜனவரி 5, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் எழுதத் தைரியம் வந்துச்சு.

வயசு 36, உயரம் 158 செ.மீ. போன ஆகஸ்ட்ல 97 கிலோ இருந்தேன், இப்ப 91. ஆறு கிலோவும் சாப்பாட்டுலதான் குறைஞ்சுது. ஜவுளிக்கடையில பில் போடுற வேலை, காலைல பத்துல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் உக்காந்தேதான். நாலு டீ ரெண்டாச்சு, அதுலயும் சர்க்கரை கிடையாது. ராத்திரி சோறு ரெண்டு கரண்டி குறைஞ்சுது. பையன் மிச்சம் வச்சதை நான் வழிச்சுத் தின்னுறதை நிறுத்தினேன் (அதுதான் பெரிய வேலையா இருந்துச்சு). டிசம்பர்ல இருந்து முள் நகரவே இல்ல. டாக்டரம்மா, "இதுக்கு மேல சாப்பாட்டைக் குறைக்காத, நடக்க ஆரம்பி"ன்னாங்க. அன்னிக்குச் சாயந்திரமே ஷூ வாங்கிட்டேன்.

நடக்கச் சொன்னா நடந்துருவேன். வாசலைத் தாண்டத்தான் முடியல.

முதல் நாள் காலைல அஞ்சரைக்குக் கிளம்பினேன். பால் கடைக்கிட்ட மூணு பேர் நின்னாங்க. "என்ன மல்லி, வீட்டுக்காரர் ஏதும் சொல்லிட்டாரா?"ன்னு ஒருத்தங்க. சிரிச்சுட்டு நகர்ந்தேன். பின்னாடியே பைக்ல ட்யூஷனுக்குப் போற பசங்க ரெண்டு பேர், "டேய், ரோடு ஒரு பக்கமா சாயுதுடா." தெருமுனை வரைக்கும்தான் போனேன். அங்கேயே திரும்பி, அரை லிட்டர் பால் வாங்கிட்டு, பாலுக்குத்தான் வந்த மாதிரி வீட்டுக்குப் போயிட்டேன். வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பாக்கெட் இருந்துச்சு.

அப்புறம் மொட்டை மாடியில நடந்து பார்த்தேன். நாங்க கீழ் வீடு, ஹவுஸ் ஓனரம்மா மேல் வீடு. மூணாம் நாள், "ராத்திரி யாரோ உரல்ல மாவு இடிக்கிற மாதிரியே இருக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அந்தப் பசங்க சொன்னதை விட இதுதான் உள்ள போய் உக்காந்துக்கிச்சு.

"யார் சொன்னா என்ன, நீ போ"ன்னு சொல்லாதீங்க, அது எனக்கும் தெரியும். முதல் வாரத்தை நீங்க எப்படிக் கடந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க. நான் மதுரை, திருப்பரங்குன்றம் பக்கம்.

---

கோவை சுப்பு | ஜனவரி 6, காலை 6:15

அம்மிணி, வாங்க. எனக்கு வயசு 52. நாலு வருசத்துக்கு முன்னால 104 கிலோ, இப்ப 83.

நீங்க பால் பாக்கெட் வாங்கினீங்க. நான் நாய் கூட்டிட்டுப் போனேனுங்க. சொந்த நாய் இல்ல, பக்கத்து வீட்டுது. "நாயை நடத்தக் கூட்டிட்டுப் போறேன்"னு ஒரு சாக்கு. ஆறு மாசம் அந்த நாய்தான் எனக்குக் காவல். ஆம்பளைக்கு என்ன வெக்கம்னு கேப்பாங்க. டி-ஷர்ட் போட்டா மாரு ஆடுது பாருங்க, அது ஆம்பளைக்கு எவ்வளவு பெரிய வெக்கம்னு ஆம்பளைக்குத்தான் தெரியும். வெயில் காலத்துலயும் உள்ள இறுக்கமா ஒரு பனியன், மேல தொளதொளன்னு சட்டை. வேர்த்து ஒழுகும்.

இங்க ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுத்து ரெண்டரை கிலோமீட்டர்ங்க. முதல் நாள் கால் சுத்துலயே உக்காந்துட்டேன். விடியக்காலம் நாலே முக்காலுக்குப் போவேன், இருட்டுல யாருக்கும் மூஞ்சி தெரியாதுன்னு. அங்க போய்ப் பார்த்தா என்னை மாதிரியே இருட்டுக்குன்னு வந்த குண்டு ஆளுக ஒரு பத்துப் பேர்! மூணாவது வாரம் ஒருத்தர் கையைத் தூக்கிக் காமிச்சார். அடுத்த வாரம் "நேத்து காணலியே"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே இன்னிக்கு வரைக்கும் லீவு போடாம போறேன்.

---

இரும்பு ராஜ் | ஜனவரி 6, காலை 9:02

சிஸ்டர், வாக்கிங் எல்லாம் டைம் வேஸ்ட். ஜிம்ல சேருங்க, டிரெய்னர் போடுங்க, கார்ப்ஸ் ஜீரோ. 3 மாசத்துல 20 கிலோ கேரன்டி. கூச்சம் எல்லாம் மைண்ட்செட்தான்.

---

முழங்கால் அக்கா | ஜனவரி 6, பிற்பகல் 1:30

ராஜ் தம்பி, "கேரன்டி" கொடுக்க உடம்பு ஒன்றும் மிக்சி இல்லை.

மல்லி, நான் பிசியோதெரபிஸ்ட், திருச்சியில் 14 வருடமாக. மூன்று மாதத்தில் 20 கிலோ என்று இறங்கியவர்கள் முடி கொட்டி, பித்தப்பைக் கல்லோடு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வாரம் அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். நீங்கள் குறைத்த ஆறு கிலோ சின்ன விஷயமில்லை. ஒரு கிலோ உடம்பில் குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மூட்டில் ஏறத்தாழ நாலு கிலோ சுமை குறைகிறது. 2005-இல் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை வைத்து அளந்து பார்த்த கணக்கு அது. ஆறு கிலோவுக்கு அடிக்கு 24 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதி.

இனி செய்ய வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி. இந்த எண்ணைப் பார்த்ததுமே பாதிப் பேர் ஷூவைக் கழற்றிவிடுவார்கள். அது போய்ச் சேர வேண்டிய ஊர், பஸ் ஏறும் இடம் இல்லை. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். அதையும் ஐந்து ஐந்தாக உடைத்துக்கொள்ளலாம். வேகம் எவ்வளவு என்று தெரிய வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் வருபவரிடம் பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அவ்வளவுதான் மிதமான வேகம்.

மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் நெஞ்சில் பாரம், தாடை அல்லது இடது கைக்கு ஓடும் வலி, தலைச்சுற்றல் என்றால் அங்கேயே நிற்க வேண்டும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெறும் நடை மட்டும் போதாது. சாப்பாட்டை மட்டும் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது. வாரம் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், எட்டுத் தடவை. பிறகு சுவரில் கை வைத்துத் தண்டால், எட்டுத் தடவை. சத்தமே வராது, ஹவுஸ் ஓனரம்மாவுக்கும் நிம்மதி. (அந்த அம்மா ஒருநாள் முழங்கால் வலி என்று எங்களைப் போன்றவர்களிடம்தான் வருவார். எல்லாரும் வருவார்கள்.)

ஷூவைச் சாயந்திரம் வாங்கினது சரி. பகல் முழுக்க உட்கார்ந்த கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாகத் தெரியும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

அடுப்பங்கரை அம்சா | ஜனவரி 6, பிற்பகல் 3:48

யாரும் சொல்லாததை நான் சொல்லிடறேன். ஆம்பளைங்க இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடுங்க. சுப்பு அண்ணே, நீங்க இருக்கலாம்.

தொடை உரசல். 90 கிலோவுல அரை மணி நேரம் வேர்வையோட நடந்தா உள் தொடை ரெண்டும் சிவந்து, மறுநாள் தண்ணி பட்டா உயிர் போகும். நான் முதல் தடவை நடையை நிறுத்தினதே அதனாலதான், கூச்சத்தால இல்ல. வெளிய சொல்ல முடியாம "கால் வலி"ன்னு சொல்லிட்டேன். முட்டி வரைக்கும் வர்ற சைக்கிளிங் ஷார்ட்ஸ் உள்ள போடுங்க, அது போதும். இல்லன்னா கிளம்பும்போது தொடையில வாசலின். தேங்காய் எண்ணெய் பத்து நிமிஷம்தான் தாங்கும், துணியெல்லாம் கறை. பவுடர் போடாதீங்க, வேர்வையில கட்டியாகி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

அடுத்தது மேல. சாதாரண உள்ளாடையோட வேகமா நடந்தா ஆட்டத்துக்குப் பயந்தே கையைக் கட்டிக்கிட்டு நடப்போம். கையை வீசாம என்ன நடை? ஸ்போர்ட்ஸ் பிரா ரெண்டு வாங்குங்க. காசு கொஞ்சம் ஜாஸ்திதான். ஷூவுக்குக் கொடுத்தீங்க இல்ல, இதுக்கும் கொடுங்க.

புது டிராக் பேண்ட் எல்லாம் இப்ப வேணாம். வழக்கமா போடற சுடிதாரே போடுங்க, ஷாலை ரெண்டு தோள்லயும் பின் குத்தி இடுப்புல ஒரு முடிச்சு. பழைய துணியில போனா "எங்க கிளம்பிட்டே"ன்னு ஒரு ஆள் குறைச்சலாத்தான் கேட்பாங்க. நான் புடவையிலயே ஷூ போட்டு ஒரு வருஷம் நடந்தவ.

---

அவனியாபுரத்தான் | ஜனவரி 6, இரவு 8:20

அக்கா, திருப்பரங்குன்றத்துல இருந்துக்கிட்டு வாக்கிங் போக இடமில்லைன்னு சொல்றீங்களே, இது அடுக்குமா?

மலையைச் சுத்துங்க. கிரிவலப் பாதை இருக்குல்ல. நம்ம நடைக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம். காலைல மயில் கத்தும், காத்து நல்லா இருக்கும். முக்கியமா, அங்க ஒரு பொம்பள தனியா நடந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. எங்கம்மா மூட்டு வலி, சுகர், மருமக சண்டை எல்லாத்துக்கும் அந்த மலையைத்தான் சுத்துது. பால்கடைல கேட்டா "முருகனுக்கு வேண்டுதல்"னு சொல்லிருங்க. அதுக்கு மேல ஒரு கேள்வி வராது.

---

வேப்பமரம் | ஜனவரி 6, இரவு 11:05

இந்த இழையில் எல்லாரும் அன்பாகப் பேசுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. நாய்க்குப் பின்னால் ஒளி, இருட்டில் ஒளி, இப்போது முருகனுக்குப் பின்னால் ஒளி. எதற்கு ஒளிய வேண்டும்? கிண்டல் செய்தவன் ஒளியட்டும்.

நானும் 88 கிலோ இருந்தவள்தான். ஒரு வருடம் வீட்டுக்குள் யூடியூப் பார்த்துக் குதித்தேன். எடை குறைந்தது, கூச்சம் ஒரு கிராம் குறையவில்லை. 70-க்கு வந்த பிறகும் வாசலைத் தாண்டினால் அதே படபடப்பு. வெளியே போய்ப் பழகினால்தான் அது போகும். ஒளிந்து ஒளிந்து நடந்தால், "நான் ஒளிய வேண்டியவள்தான்" என்பதைத் தினமும் காலையில் நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

---

கோவை சுப்பு | ஜனவரி 7, காலை 6:40

வேப்பமரம், நீங்க சொல்றது நியாயம்தானுங்க. ஆனா நீச்சல் கத்துக்கறவனுக்கு இடுப்புல சுரைக்குடுக்கை கட்டித்தான் கிணத்துல இறக்குவாங்க. யாரும் அதைக் கட்டிட்டே கடைசி வரைக்கும் நீந்தறதில்லை. அந்த நாய் செத்து ரெண்டு வருசமாச்சு. நான் இன்னும் நடக்கறேன்.

---

இரண்டாம் ஆண்டு | ஜனவரி 7, பகல் 12:10

நான் உளவியல் படிக்கிற மாணவன். இதுக்கு ஒரு நல்ல சோதனை இருக்கு. 2000-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு செஞ்சது. ஒரு மாணவருக்கு, போட்டுக்கிட்டா மானம் போற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மத்த மாணவங்க இருக்கிற அறைக்குள்ள அனுப்பினாங்க. எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா, கிட்டத்தட்ட பாதிப் பேர்னு அவர் நினைச்சார். உண்மையில கவனிச்சது ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். நம்ம மேல ஒரு ஸ்பாட்லைட் அடிக்கிற மாதிரி நமக்குத்தான் தோணுது. அக்கா, உங்களை நீங்க நினைக்கிற அளவுக்கு யாரும் பார்க்கல.

---

தெருமுனை மல்லி | ஜனவரி 7, இரவு 10:15

தம்பி, நல்லா படிங்க. ஆனா அந்த அறையில இருந்தவங்க யாரும் "ரோடு சாயுது"ன்னு கத்தலைல்ல?

எங்க தெருவுல நிஜமாவே பார்க்கிறாங்க, பார்த்துட்டு வாய்விட்டுச் சொல்றாங்க. அதை என் கற்பனைன்னு சொன்னா எனக்கு இன்னும் கோவம்தான் வரும். ஆனா ஒண்ணு யோசிச்சேன். பால்கடையில நின்னது மூணு பேர், பைக்ல ரெண்டு பேர். மொத்தம் அஞ்சு. நான் மனசுக்குள்ள தெருவே திரண்டு நின்ன மாதிரி வச்சிருக்கேன். அந்தக் கணக்குல உங்க சோதனை சரிதான்.

அம்சாக்கா, சைக்கிளிங் ஷார்ட்ஸ் வாங்கிட்டேன். அதுவும் கடையில வேலை பாக்குற பொண்ணுகிட்ட "எங்க அண்ணன் மகளுக்கு"ன்னு பொய் சொல்லி! நாளைக்கு மலைக்குப் போறேன். வேப்பமரம் திட்டக்கூடாது.

---

தெம்பனிஸ் தேவி | ஜனவரி 8, காலை 7:30

சிங்கப்பூரிலிருந்து எழுதுறேன், ஊர் பட்டுக்கோட்டை. இங்க வந்த புதுசுல எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே இருக்கிற உடற்பயிற்சி மூலையில எழுபது வயசுச் சீனப் பாட்டிங்க காலைத் தூக்கிக் கம்பியில போட்டுக்கிட்டு அரட்டை அடிக்கிறதைப் பார்த்து வாயைப் பொளந்தேன். 2015-லேருந்து அரசாங்கமே நடக்கிற அடிகளை எண்ணி வவுச்சர் குடுக்குது. அதனால கைல அடி எண்ணுற பட்டையைக் கட்டிக்கிட்டு நடக்கிறது இங்க மளிகைக்கடைக்குப் போற மாதிரி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. நாலு வருஷத்துல 14 கிலோ குறைச்சேன்.

இப்பக் கேளுங்க. போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தப்ப ஒரு நாள் கூட நான் நடக்கல. பத்து நாளும் வீட்டுக்குள்ளயே. அம்மா "போயேன்டி"ன்னு சொல்லியும் போகல. இங்க தைரியசாலின்னு என்னை நானே நினைச்சுக்கிட்டிருந்தேன். அது இந்த இடம் குடுத்த தைரியம்னு அப்பத்தான் புரிஞ்சுது. அதனால மல்லி, நீங்க ஊர்ல இருந்துக்கிட்டே தெருமுனை வரைக்கும் போனீங்களே, அது நான் செய்யாதது.

---

தெருமுனை மல்லி | ஜனவரி 19, இரவு 9:50

ரெண்டு வாரக் கணக்கு. பதினொரு நாள்ல எட்டு நாள் போயிருக்கேன். முழுச் சுத்து இன்னும் ஒரு தடவைதான், மத்த நாளெல்லாம் பாதி போய்த் திரும்பிருவேன்.

அவனியாபுரம் தம்பி சொன்ன சாக்கு மூணு நாள்தான் தாங்குச்சு. ஏன்னு சொல்றேன். கிரிவலம்னா வெறுங்கால்ல போகணும்ல! நான் ஷூ போட்டுக்கிட்டு, கைல ஒரு தேங்காய்ப் பையையும் வச்சுக்கிட்டுப் போறேன். பாதையில ஒரு பாட்டி பூக்கட்டி விக்கும். முதல் நாள் ஷூவைப் பார்த்துச்சு. ரெண்டாம் நாளும் பார்த்துச்சு. மூணாம் நாள் கூப்பிட்டு, "ஏத்தா, சாமிக்குச் சுத்துறியா, சதைக்குச் சுத்துறியா? சாமிக்குன்னா அதைக் கழட்டு. சதைக்குன்னா அந்தத் தேங்காயை வீட்டுல வச்சிட்டு வா, கையை வீசி நட."

எனக்குச் சிரிப்பு தாங்கல. "சதைக்குத்தான் பாட்டி"ன்னுட்டேன். வாய்விட்டு ஒருத்தர்கிட்ட அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாட்டி ஒண்ணும் பெருசா எடுத்துக்கல, "அப்பச் சரி"ன்னு நாரைக் கடிச்சு முடிச்சுப் போட ஆரம்பிச்சிருச்சு. எனக்குத்தான் அன்னிக்கு முழுக்க அது ஓடிக்கிட்டே இருந்துச்சு. மறுநாள் பையை எடுத்துட்டுப் போகல.

பைக் பசங்க ரெண்டு தடவை எதிர்ல வந்தாங்க. ஒரு தடவை கத்தினாங்க, ஒரு தடவை கத்தல. கத்தின அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அதை மறைக்க விரும்பல.

---

வேப்பமரம் | ஜனவரி 19, இரவு 10:30

திட்ட மாட்டேன். அந்தப் பாட்டியிடம் நானும் ஒரு முழம் வாங்க வேண்டும்.

---

ஓய்வு வாத்தியார் | ஜனவரி 20, காலை 5:55

மல்லி அம்மா, ஒரு எச்சரிக்கை. உங்களுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு உண்டு, வயது 63. புதிதாக உற்சாகம் வந்து, காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடந்தேன். கை நடுங்கியது, கண் இருட்டியது, பூங்கா பெஞ்சில் சரிந்துவிட்டேன். பார்த்தவர்கள் குடித்திருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். நாற்பது வருடம் பாடம் நடத்திய ஊரில்! அன்றிலிருந்து பையில் கடலை மிட்டாய் இல்லாமல் இறங்குவதில்லை.

---

முழங்கால் அக்கா | ஜனவரி 20, பகல் 12:45

ஐயா, நல்லவேளை எழுதினீர்கள். ஒரு சிறு திருத்தம்: கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மயக்கம் வரும் நேரத்துக்குக் குளுக்கோஸ் பவுடரோ சாதாரணச் சர்க்கரையோ மூன்று டீஸ்பூன் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் அதற்குப் பிறகு. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் நடக்கும் நேரத்தை மருத்துவரிடம் சொல்லி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு கிரிவலம் போவதும் வேண்டாம். தார் ரோட்டில் கல் குத்தியதே தெரியாமல் புண்ணாகி வருகிறவர்கள் ஏராளம்.

மல்லிக்கும் அதேதான், ஷூ இருக்கட்டும். முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார்.

---

எட்டு நடை ஏகாம்பரம் | ஜனவரி 20, மாலை 4:20

மலை, ரேஸ்கோர்ஸ் எதுவும் வேண்டாம். தரையில் 8 போட்டு அதன் மேல் 21 நிமிடம் நடந்தால் சர்க்கரை, பிரஷர், தைராய்டு மூன்றும் ஓடிவிடும்.

---

முழங்கால் அக்கா | ஜனவரி 20, மாலை 5:10

ஐயா, எட்டில் நடந்தாலும் ஏழில் நடந்தாலும் நடைதான். இடம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நல்ல வழி. தைராய்டு மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

---

தெருமுனை மல்லி | பிப்ரவரி 9, இரவு 10:05

மனசே விட்டுப்போச்சு. ஒரு மாசம் ஆச்சு, இன்னிக்கு எடை பார்த்தா 91.3. ஏறியிருக்கு! இவ்வளவு வேர்வை, இவ்வளவு அழுகை, முன்னூறு கிராம் கூட. 10,000 அடி நடக்கணுமாம், என் போன்ல 6,000 தாண்ட மாட்டேங்குது. அதனாலயா?

---

கோவை சுப்பு | பிப்ரவரி 10, காலை 7:20

அம்மிணி, நடந்து முடிச்சதும் பசிக்குதுங்களா? உண்மையைச் சொல்லுங்க. எங்க செட்டுல ஒன்பது பேர். ரெண்டு சுத்து முடிச்சதும் நேரா ஹோட்டல். நெய் பொங்கல், ரெண்டு வடை, காபி. "நடந்தோமில்ல"ன்னு ஒரு தெம்பு. ஒரு வருசம் ஒன்பது பேர்ல ஒருத்தருக்கும் ஒரு கிலோ குறையல, ரெண்டு பேருக்கு ஏறிப்போச்சு. ஹோட்டல்காரர் மட்டும் பக்கத்துக் கடையையும் புடிச்சுட்டார்.

---

முழங்கால் அக்கா | பிப்ரவரி 10, பிற்பகல் 2:00

90 கிலோ உள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 300 கலோரி சுமாராகச் செலவாகும். இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் அதைக் கிட்டத்தட்ட நேர் செய்துவிடும். ஒரு கிலோ கொழுப்புக்குள் 7,700 கலோரி இருக்கிறது. தினம் முக்கால் மணி நேரம் நடந்தால், நடையால் மட்டும் ஒரு கிலோ குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. சொன்னால் ஷூ விற்காது.

புதிதாக உழைக்கும் தசை, ஆரம்ப வாரங்களில் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ ஏறி இறங்குவதும் சகஜம். முன்னூறு கிராம் என்பது ஒரு டம்ளர் தண்ணீர். தராசை அலமாரிக்கு மேல் வையுங்கள். தையல் டேப் எடுத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே அளந்து எழுதி வையுங்கள், மாதம் ஒரு தடவை போதும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் ஆபத்து என்பது கணக்கு. அதை இப்போதே எட்ட வேண்டியதில்லை, இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

10,000 அடி பற்றி: 1965-இல் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவிக்கு "பத்தாயிரம் அடி மீட்டர்" என்று பெயர் வைத்து விற்றார்கள். அது மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லை. மூவாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்கு வந்தாலே நல்ல பலன் தரும்.

---

அடுப்பங்கரை அம்சா | பிப்ரவரி 10, பிற்பகல் 3:15

மல்லி, கண்ணாடி, தராசு ரெண்டும் பொய் சொல்லும். ஜாக்கெட் ஊக்கு பொய் சொல்லாது. எந்த ஊக்குல மாட்டுறீங்கன்னு பாருங்க.

---

தெருமுனை மல்லி | மார்ச் 1, இரவு 9:30

இடுப்பு டேப்புல நாலு செ.மீ. குறைஞ்சிருக்கு. ஊக்கு கடைசியில இருந்து நடுவுக்கு வந்துருச்சு அம்சாக்கா. எடை 89.6. முழுச் சுத்து இப்ப 52 நிமிஷம், நடுவுல உக்கார்றது இல்ல. கடையில ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட் இல்லாம ஏறுறேன். மேல போய்ப் பேச ஆரம்பிச்சா ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு, அது இன்னும் இருக்கு.

பால்கடை அக்கா போன வாரம் "எந்த ஷூ, என்ன விலை?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "அம்மாடி"ன்னுட்டுப் போயிட்டாங்க. வருவாங்களா தெரியல. நானும் கூப்பிடல. "வீட்டுக்காரர் சொல்லிட்டாரா"ன்னு கேட்டது எனக்கு இன்னும் ஆறல.

பைக் பசங்களுக்கு பப்ளிக் பரீட்சை, ஆளைக் காணோம்.

இப்ப ஒரு நடைமுறைக் கேள்வி. இந்த வாரம் பௌர்ணமி வருது. பாதையில கூட்டம் நெரியும். அன்னிக்கு மட்டும் லீவு விடவா, இல்ல வேற இடம் பாக்கவா? அவ்வளவு கூட்டத்துல வேர்த்து விறுவிறுத்து நான் மட்டும் வேகமா நடந்தா...

---

அவனியாபுரத்தான் | மார்ச் 1, இரவு 9:52

அக்கா, பௌர்ணமி அன்னிக்கு சாயந்திரம் போகாதீங்க, வேகமா நடக்க இடமே இருக்காது. விடியக்காலம் நாலரைக்குப் போயிருங்க. எங்கம்மா அந்த நேரத்துக்குத்தான் கிளம்பும், கேட்டா கூட வரும். ஆனா வெறுங்காலு, மெதுவாத்தான் நடக்கும், மருமகளைப் பத்திப் பேசிக்கிட்டே வரும். பரவாயில்லையா?

---

தெருமுனை மல்லி | மார்ச் 1, இரவு 9:58

மருமக தரப்பும் நானும் கேக்கணும்னு சொல்லுங்க. நாலரைக்குப் பூக்காரப் பாட்டி கடைக்கிட்ட நிக்கிறேன். பச்சைச் சுடிதார், வெள்ளை ஷூ.